பதினொரு மில்லிமீட்டர்

முதலாவதை மரத்தூள் பலகையில் செய்தேன்.
யாரோ தெருவில் போட்ட அலுமாரி; ஓரத்தில்
சட்டை தொங்கவிடும் கம்பியின் துளை இன்னும் இருந்தது.
லாச்சித் தண்டவாளங்கள், பிரிண்டரில் கழற்றிய மோட்டார்,
கட்டடச் சாமான் கடையில் மீட்டர்க் கணக்கில் வாங்கிய திருகுக்கம்பி.
சி.என்.சி. என்று பெயர்.
அதனிடம் வட்டம் கேட்டேன்.
முட்டை தந்தது.

நாலு நாள் தேடிப் பிடித்தேன்:
வலப்பக்கம் போகும்வரை சொல் கேட்கிறது.
திரும்பு என்றால்
திருகுக்கும் மரைக்கும் நடுவே ஒரு வெறுமை;
அதைக் கடக்கும்வரை மோட்டார் சுற்றும், கத்தி அசையாது.
அரை மில்லிமீட்டர்.
எங்கள் வீட்டிலும் இருக்கிறது அது.
சரி, நான் சொன்னது பிழை என்று
நான் சுற்றத் தொடங்கி
சங்கவியின் முகம் அசைய
இரண்டு நாள் எடுக்கும்.

ரெம்ஷைடில் பகல் முழுக்க நான் பொதிசெய்வது
அடுத்தவன் மெசினுக்கான வெட்டுக்கத்திகள்.
பெட்டிக்குப் பத்து, எண்ணெய்த்தாள், ஒட்டுச்சீட்டு.
நசுங்கிய பெட்டி தொழிலாளிக்குப் பாதி விலை.
சில பெட்டிகள்
தாமாகவே நசுங்கின என்று வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் ஓபர்பார்மனில் தொங்கு ரயிலைத் தவறவிட்டேன்.
அடுத்தது வரும்வரை அண்ணாந்து நின்றேன்.
வுப்பர் ஆற்றின் இரு கரையிலும் கால் அகட்டிய இரும்பு,
உச்சியில் ஒற்றைத் தண்டவாளம்,
அதைப் பிடித்தபடி வௌவாலாய் வருகிறது பெட்டி,
நூறு பேரோடும் ஒரு நாய்க்குட்டியோடும்.
ஆடுகிறது. ஆனால் பிசகவில்லை.
அன்றிரவு கொப்பித்தாளில்
என் மெசினின் கால்களை அகட்டினேன்.

அலுமினியச் சட்டம். பந்துத் திருகு:
சீனாவிலிருந்து ஆறு வாரம், சுங்கத்தில் ஒன்பது நாள்.
விலையைச் சங்கவியிடம் தவணையில் சொன்னேன்.
பக்கத் தகடுகளை வெட்டித் தந்ததோ பழையதுதான்,
முக்கி, முனகி, தடவைக்குக் கால் மில்லிமீட்டராய்,
தன்னை வேலையால் நிறுத்தும் கடிதத்தைத்
தானே தட்டச்சு செய்கிறவன்போல.

நிலவறைக்கு நேர்மேலே கெஸ்ஸபோம் அம்மா.
மூன்று கடிதம் எழுதியிருந்தார், மூன்றும் மரியாதையாக:
"பத்து மணிக்குப் பிறகு உங்கள் நிலவறை பாடுகிறது."
பொய்யில்லை. வெப்பக் குழாய் வழியே
வளைவுக்கு ஒரு சுதி, நேர்கோட்டுக்கு ஒன்று.
புதிய மோட்டார்கள் வாய் திறப்பதில்லை.
ஒன்பதாம் நாள் நிலவறைக் கதவில் தட்டல்.
"செத்துவிட்டதா?"

வட்டம் வெட்டிக் காட்டினேன். வட்டம்தான்.
நூறில் நாலு பங்கு பிழை என்று கலிப்பரை நீட்டினேன்.
அவர் கலிப்பரைப் பார்க்கவில்லை.
"என் குசினி மேசை ஆடுகிறது," என்றார்.

ஒரு கால் குட்டை. பதினொரு மில்லிமீட்டர்.
ஓக் துண்டு எடுத்தேன். மேசைக்காலின் அளவுக்குக் குழி,
விளிம்பெல்லாம் மழிப்பு.
இரண்டு மணிநேரம் வரைந்ததை
ஆறு நிமிடத்தில் வெட்டித் தள்ளியது.
ஒட்டினோம். மேசை நின்றது,
நீதிமன்றத்தில் நிற்பதுபோல.

அவர் கோப்பி ஊற்றினார். பிறகு, வெயில் படட்டும் என்று
சன்னல் பக்கம் ஒரு சாண் தள்ளினார்.
மேசை ஆடியது.
நூறு வருசத்து வீடு;
தரை ஓரிடத்திலும் தரையாக இல்லை.
அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

லாச்சியைத் திறந்து
பியர் கிளாசுக்குக் கீழே வைக்கும் மட்டை ஒன்றை எடுத்து
இரண்டாய் மடித்து
ஓக்குக்குக் கீழே செருகினார்.

என் கை சட்டைப்பைக்குள்
கலிப்பரைத் தேடிக்கொண்டிருந்தது.
"குடியுங்கள்," என்றார், "ஆறுது."